தராசு தரகன் கையில்

சொந்தத்தில் ஒரு வலைத்தளம் ஏற்படுத்தி, அதில் கட்டுரைகள் எழுதி, இடையிடையே விளம்பரங்களுக்கும் இடம் விட்டு, அதனால் வரும் பணத்தைக் கொண்டு ஓரளவு சுதந்திரமாக ஜீவிக்கலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் படித்த வாலிபர் பலருடைய உள்ளத்தில் குடிகொண்டிருக்கிறது. சமையல் குறிப்பு எழுதுவோரும், பயிர்த்தொழிலுக்கு யோசனை கூறுவோரும், பரீட்சைக்குப் படிப்போருக்குப் பாடம் தொகுப்போரும், ஊர்ச் சரித்திரம் ஆராய்வோரும், ராஜீய விவகாரங்களைப் பற்றித் துணிந்து அபிப்பிராயம் சொல்வோரும் இவ்வழியில் இறங்கியிருக்கின்றனர். எவரிடமும் கைகட்டி நில்லாமல், அச்சு யந்திரத்துக்கும் காகிதத்துக்கும் பெருமுதல் தேடாமல், அறிவையும் உழைப்பையுமே மூலதனமாகக் கொண்டு ஒருவன் பத்திரிகாசிரியனாகலாம் என்பது சாமான்யமான விஷயமன்று. இந்த எண்ணத்தை நாம் பரிகசிக்கவில்லை, மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் இத்தொழிலின் கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது, தராசு யார் கையில் இருக்கிறது என்பதை நம்மவர் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அதனாலேயே இன்று இவ்விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத முன்வந்தோம்.

முதலில் இத்தொழிலின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிப்போம். 1994 அக்டோபர் 27-ந் தேதி அமெரிக்காவில் 'ஹாட்வயர்டு' என்ற வலைத்தளம் தன் பக்கங்களில் பட்டை வடிவமான விளம்பரங்களைப் பிரசுரித்தது. வலைத்தள விளம்பரத்தின் தொடக்கமாக அந்நாளையே பலரும் குறிப்பிடுகின்றனர். அப்பொழுது விளம்பரம் பத்திரிகைகளில் போலவே விற்கப்பட்டது. இடம் இவ்வளவு, காலம் இவ்வளவு, கிரயம் இவ்வளவு என்று இரு கட்சியாரும் பேசி முடித்தனர். பெரிய ஸ்தாபனங்களுக்கு இந்த முறை ஒத்து வந்தது. தனி ஒருவன் நடத்தும் சிறு தளத்தைத் தேடி எந்த வியாபாரியும் வரவில்லை. 2003-ல் கூகுள் கம்பெனி 'ஆட்சென்ஸ்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது அந்தக் குறை நீங்கியது. தளத்தின் சொந்தக்காரன் கம்பெனி கொடுக்கும் சில வரிகளைத் தன் பக்கத்தில் பதித்துவிட்டால் போதும். பக்கத்தில் எழுதியிருக்கும் விஷயத்தைக் கம்பெனியின் யந்திரம் படித்தறிந்து, அதற்குப் பொருந்திய விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்கும். வியாபாரியைத் தேட வேண்டியதில்லை. பணம் வசூலிக்க அலைய வேண்டியதில்லை. சிறியவனுக்கு இது பெரிய சௌகரியம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கண்டிக்க முன்வருகிறவன் முதலில் நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இனி வருமானத்தைப் பார்ப்போம். ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் கைக்கு வரும். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விஷயம், பாஷை, வாசிப்போர் வசிக்கும் தேசம் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். அரை டாலர் என்ற கணக்குப்படி 100 டாலர் சேர 2,00,000 பார்வைகள் வேண்டும். மாதத்துக்குப் பதினாயிரம் பார்வை பெறும் ஒரு தளத்துக்கு மாதம் 5 டாலர் சேரும். முதற் பணம் கைக்கு வர 20 மாதங்களாகும். பெயரைப் பதிவு செய்யவும், தளத்தை வைத்திருக்கும் யந்திரத்துக்கு வாடகை கொடுக்கவும் செலவாகும் தொகையோ வருஷந்தோறும் முன்பணமாகக் கட்ட வேண்டியது. ஆகவே, சிறு தளத்தின் சொந்தக்காரன் வெகுகாலம் கைப்பணத்தைப் போட்டே தொழிலை நடத்துகிறான். அவனுடைய பக்கத்தில் விளம்பரம் மட்டும் முதல் நாள் தொட்டே ஓடிக்கொண்டிருக்கிறது. நூறு டாலர் சேருமுன் சோர்ந்து தொழிலை விட்டு விலகுவோர் எத்தனை பேர் என்பதை நம் வாலிபர்கள் தம் நண்பர்களிடமே விசாரித்தறியலாம்.

அப்படிக் கிடைக்கும் பணத்தில் தரகனுக்குச் சேருவது எவ்வளவு? 2023 நவம்பரில் கம்பெனியே வெளியிட்ட விவரத்தின்படி, வியாபாரி 100 ரூபாய் கொடுத்தால், விளம்பரம் வாங்கிக் கொடுக்கும் பக்கத்தில் கம்பெனியின் கருவி சராசரி 15 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. மீதியாகும் 85 ரூபாயில் நூற்றுக்கு 80 வீதம், அதாவது 68 ரூபாய், தளத்தின் சொந்தக்காரனுக்கு வருகிறது. இரு கைகளாலும் எடுத்துக்கொண்டது 32 ரூபாய். பத்திரிகைத் தொழிலில் விளம்பர ஏஜெண்டுகளுக்கு நூற்றுக்கு 15 வீதம் கழிவு கொடுப்பது நெடுநாளைய வழக்கம். அந்த ஏஜெண்டு வியாபாரியைத் தேடிப் போகிறார், வாசகம் எழுதுகிறார், படம் தயார் செய்கிறார், பணத்துக்கு ஜவாப்தாரியாகவும் இருக்கிறார். அந்த 15-க்கும் இந்த 32-க்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் தாமே சீர்தூக்கிக் கொள்வார்களாக.

வீதத்தைக் காட்டிலும் முக்கியமானது வேறொன்று உண்டு. நமது கிராமாந்தரங்களில் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள், தரகர் துண்டைப் போட்டு மூடி அதனுள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை அறிவார்கள். அங்கே விற்பவனுக்கு ஒரு தரகன், வாங்குபவனுக்கு ஒரு தரகன், சந்தைக் குத்தகை எடுத்தவன் வேறொருவன் என்ற பிரிவாவது உண்டு. வலைத்தள விளம்பரச் சந்தையிலோ, விற்பவனுடைய தரகனும், வாங்குபவனுடைய தரகனும், சந்தைக் குத்தகைதாரனும் ஒரே ஆசாமி. துண்டும் அவனுடையதே, துண்டுக்குள் இருக்கும் இரண்டு கைகளும் அவனுடையவையே! 310 கோடி டாலர் கொடுத்து 'டபிள்கிளிக்' என்ற கம்பெனியை வாங்க 2007-ல் உடன்பாடு செய்து, 2008 மார்ச்சில் அதைக் கூகுள் தன்னுடையதாக்கிக் கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடு பூரணமாயிற்று. ஒருவன் பக்கத்தைத் திறந்தவுடனே, கண் இமைப்பதற்குள், அப்பக்கத்தின் இடம் ஏலத்துக்கு வந்து, கேள்வி கேட்கப்பட்டு, விலை முடிந்து, விளம்பரமும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏலத்தில் யார் என்ன கேட்டார், முடிந்த விலை என்ன, தனக்கு வந்த காசு எந்த வியாபாரி கொடுத்த எந்த ரூபாயின் பங்கு என்பதையெல்லாம் தளத்தின் சொந்தக்காரன் சரிபார்க்க வழியில்லை. அவனுக்குக் காட்டப்படுவது மாதக் கடைசியில் ஒரு தொகை.

இது நமது கற்பனையன்று. அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகா 2023 ஜனவரியில் வர்ஜீனியாவில் உள்ள ஜில்லாக் கோர்ட்டில் கூகுள் கம்பெனியின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2025 ஏப்ரல் 17-ந் தேதி நீதிபதி லியோனி பிரிங்கமா அம்மையார் தீர்ப்பளித்தார். பிரசுரகர்த்தர்கள் விளம்பரத்தை வைப்பதற்கு உபயோகிக்கும் கருவியிலும், ஏலம் நடக்கும் சந்தையிலும் கம்பெனி சட்ட விரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டிக்கொண்டது என்றும், அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்தது குற்றம் என்றும் அவர் முடிவு செய்தார். விளம்பரதாரர் பக்கத்துச் சந்தையைப் பற்றிய குற்றச்சாட்டு ருசுவாகவில்லை என்பதையும் நேர்மையின் பொருட்டு இங்கே சொல்லிவிடுகிறோம். அதே வருஷம் செப்டம்பரில் ஐரோப்பியக் கமிஷன் இதே தொழில் சம்பந்தமாக 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. பேர் பெற்ற பெரிய பத்திரிகைகள் முறையிட்ட பிறகே இவ்வளவு வெளிச்சம் வந்தது. பெரியவர்களின் கதி இதுவானால், திண்ணையில் உட்கார்ந்து எழுதும் ஒரு வாலிபன் தன் கணக்கைக் குறித்து யாரிடம் போய் முறையிடுவான்?

கணக்கின் இருட்டுக்கு மற்றொரு சாட்சியும் உண்டு. பிரிட்டனில் விளம்பரதாரர் சங்கத்துக்காக 2020-ல் ஒரு கணக்குப் பரிசோதகர் ஸ்தாபனம் பணம் போகும் வழியைத் தொடர்ந்து ஆராய்ந்தது. வியாபாரிகள் செலவிட்ட 100 பவுனில் பிரசுரகர்த்தர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 51 பவுன். மீதியில் 15 பவுன் யாருக்குப் போயிற்று என்பதையே கண்டுபிடிக்க முடியவில்லை. தேர்ந்த கணக்கர்கள், பெரிய வியாபாரிகளின் சம்மதத்தோடு, அவர்களுடைய புஸ்தகங்களையே வைத்துக்கொண்டு தேடியும் கிடைக்காத பணம் அது. நம்மூர் வாலிபனுக்கு அது கிடைக்குமென்று எண்ணலாமா?

இப்பொழுது நம் தேசத்து நிலையைக் கவனிப்போம். மதுரை மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் தீபாவளிக்கு விளம்பரம் செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருமங்கலத்தில் உள்ள ஒரு வாலிபர் மதுரைக் கோயில்களையும் கடைவீதிகளையும் பற்றி நல்ல தமிழில் ஒரு வலைத்தளம் நடத்துகிறார். அதைத் திண்டுக்கல்லில் உள்ள ஒரு குடும்பஸ்தர் படிக்கிறார். கடைக்காரர், எழுதுகிறவர், வாசிப்பவர் ஆகிய மூவரும் ஒரு நாள் வண்டிப் பிரயாணத்துக்குள் அடங்குவர். எனினும் கடைக்காரரின் 100 ரூபாய் கலிபோர்னியாக் கம்பெனியின் கணக்கில் ஏறி, 68 ரூபாயாக மெலிந்து, டாலராக உருமாறித் திருமங்கலத்துக்குத் திரும்புகிறது. நம் நாட்டுப் பருத்தி கப்பலேறி, லங்காஷயர் ஆலைகளில் துணியாகி, திரும்பி வந்து நம்மிடமே விலைக்கு நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. பருத்தியை நெய்ய அங்கே ஆலைகளாவது வேண்டியிருந்தன. மதுரைக் கடைக்காரரின் பெயரைத் திண்டுக்கல் வாசகருக்குச் சொல்வதற்கு சமுத்திரங்களைத் தாண்ட வேண்டிய அவசியம் என்ன?

'தூரதேசத்து வியாபாரிகளும் இவ்வழியாக நம் தளத்துக்கு விளம்பரம் கொடுக்கிறார்களே, அது லாபமன்றோ?' என்று கேட்கலாம். லாபந்தான். அந்த லாபத்தை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. அருகிலிருப்பவனோடு நாமே பேசி முடிக்கக்கூடிய வியாபாரத்தையும் தரகனிடம் ஒப்படைப்பதுதான் மதியீனம் என்கிறோம். 'இஷ்டமில்லாதவர் விலகிக்கொள்ளலாமே' என்று சொல்வோரும் உண்டு. ஊருக்கு ஒரே சந்தை, அதற்கு ஒரே குத்தகைதாரன் என்று இருக்கும்போது, விலகுகிறவன் எங்கே போய் விற்பான்? தெரிந்தெடுக்க இரண்டு வழி இருந்தாலல்லவா ஒருவனுடைய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லலாம்?

தமிழ்ப் பாஷைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2003-ல் தொடங்கிய ஆட்சென்ஸ், ஹிந்தியை 2014-லும், வங்காளியை 2017-லும், தமிழை 2018 பிப்ரவரியிலும்தான் அங்கீகரிக்கப்பட்ட பாஷைகளில் சேர்த்தது. பதினைந்து வருஷ காலம், கோடிக்கணக்கான ஜனங்கள் பேசும் ஒரு பாஷையில் எழுதுவோர் அதன் வாசற்படியில் நிறுத்தி வைக்கப்பட்டனர். இதனால் வருமானம் வேண்டியவர் ஆங்கிலத்தில் எழுதினார்; தமிழில் எழுதியவர் வருமானமின்றி எழுதினார். தமிழில் எது எழுதப்பட வேண்டும் என்பதை ஒரு தூரதேசத்து வியாபார ஸ்தாபனத்தின் சௌகரியம் மறைமுகமாகத் தீர்மானித்தது என்றால் அது மிகையாகாது. நல்லவேளையாகக் கூலியை எதிர்பாராத தொண்டர்களும் தமிழர்களிடையே இருந்தனர். 1998 முதல் பழந்தமிழ் நூல்களைச் சேகரித்து எல்லோருக்கும் இலவசமாக வழங்கிவரும் 'மதுரைத் திட்டம்' அத்தகையோரின் உழைப்பு. ஆனால் ஒரு பாஷையின் அன்றாட எழுத்து முழுவதும் தொண்டிலேயே நடக்க முடியாது. எழுதுகிறவனும் அரிசி வாங்கியாக வேண்டும்.

வருமானத்தைவிட அபிப்பிராய சுதந்திரமே நமக்குப் பிரதானமாகத் தோன்றுகிறது. கம்பெனியின் விதிகளை மீறியதாகவோ, போலியான கிளிக்குகள் விழுந்ததாகவோ கம்பெனி கருதினால், சேர்ந்த பணத்தைப் பிடித்தம் செய்யவும் கணக்கையே மூடிவிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. மோசடியைத் தடுக்க ஏதேனும் ஒரு விதி வேண்டியதுதான்; தன் விளம்பரத்தைத் தானே அழுத்திக் காசு சேர்க்கும் புத்திசாலிகளும் நம்மிடையே இல்லாமலில்லை. ஆனால் குற்றம் சாட்டுபவரும் கம்பெனி, விசாரிப்பவரும் கம்பெனி, அப்பீலைக் கேட்பவரும் கம்பெனி என்றால், அதை நீதி என்று யார் ஒப்புக்கொள்வார்? 2022 மார்ச்சில், உக்ரெயின் யுத்தத்தை ஆதரித்தோ மறுத்தோ எழுதும் தளங்களுக்கு விளம்பர வருமானம் இல்லையென்று கூகுள் அறிவித்தது. அந்த யுத்தத்தைப் பற்றி நமது அபிப்பிராயம் எதுவாயினும் ஆகுக. உலகத்தில் நடக்கும் விவகாரங்களில் எந்தக் கட்சிக்குக் கூலி உண்டு, எந்தக் கட்சிக்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், எந்த ஜனங்களும் தேர்ந்தெடுக்காத ஒரு வியாபாரக் கூடத்தில் இருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டத்தின் கீழ் ஜாமீன் கேட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளின் குரல்வளையை நெரித்தவர்கள் நெரித்ததைப் பகிரங்கமாகச் செய்தார்கள். உத்தரவில் ஒரு அதிகாரியின் கையெழுத்தாவது இருந்தது. இன்றைய உத்தரவு யந்திரம் அனுப்பும் ஒரு கடிதமாக வருகிறது. ராஜீய விஷயங்களை எழுதும் நமது ஊழியர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக.

இவ்வளவுக்கும் மேலாக, இந்தச் சந்தையே சுருங்கி வருகிறது. 2021-ல் கூகுளின் விளம்பர வரவு சுமார் 20,900 கோடி டாலர். 2024-ல் அது சுமார் 26,400 கோடியாயிற்று. ஆனால் பிறருடைய தளங்களில் விளம்பரம் வைத்து வரும் வரவு அதே காலத்தில் சுமார் 3,170 கோடியிலிருந்து 3,040 கோடிக்குக் குறைந்தது. கம்பெனி கொழுக்கிறது, அதன் குத்தகை நிலங்களில் உழுகிறவர்களின் பங்கு வளரவில்லை. 2024 முதல், கேட்ட கேள்விக்குத் தேடுதல் பக்கத்தின் மேலேயே செயற்கை அறிவைக் கொண்டு விடை எழுதித் தரும் வழக்கம் அமெரிக்காவிலும், பின்னர் இந்தியாவிலும் வந்திருக்கிறது. 2025-ல் பியூ ஆராய்ச்சி ஸ்தாபனம் அமெரிக்கர்களிடையே கண்டறிந்தபடி, அத்தகைய விடை காட்டப்படாதபோது நூற்றுக்கு 15 தடவை ஏதேனும் ஒரு தளத்தை அழுத்திச் சென்ற ஜனங்கள், விடை காட்டப்பட்டபோது 8 தடவையே சென்றனர். சிறு தளங்கள் எழுதி வைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்ட யந்திரம், அத்தளங்களுக்கு வாசகர் போக வேண்டிய தேவையையே குறைத்துவிடுகிறது. தேடுதலை மட்டும் நம்பியவனுக்கு வாசகனும் கம்பெனியின் தயவு. விளம்பரமும் கம்பெனியின் தயவு. இரண்டையும் ஒருவனிடமே எதிர்பார்ப்பவன் சுதந்திரமாகத் தொழில் செய்கிறான் என்று சொல்லலாகுமா?

அந்நியரைக் குறை கூறியதோடு நாம் நின்றுவிட்டால் அது அரை உண்மையாகும். நம்மவர் குற்றங்களும் சொற்பமல்ல. பிறர் எழுதியதைக் களவாடித் தம் பெயரால் வெளியிடுவோர் எத்தனை பேர்! உள்ளே ஒன்றுமில்லாத செய்திக்கு அதிர்ச்சியூட்டும் தலைப்பிட்டு வாசகனை ஏமாற்றுவோர் எத்தனை பேர்! உயிரோடிருப்பவரை இறந்தாரென்று எழுதிப் பார்வை சேர்த்தவர்களையும் தமிழுலகம் கண்டிருக்கிறது. பக்கத்தில் எழுத்தைக் காணாதபடி விளம்பரங்களை அடுக்கி, 'மூடு' என்ற குறியை எறும்பளவு சிறிதாக்கி வைக்கும் தந்திரமும் நம் கைவரிசையே. ஆபாச விளம்பரங்களையும், சூதாட்ட விளம்பரங்களையும், சர்வரோக நிவாரணிகளையும் குறித்துக் கேட்டால், 'யந்திரம் வைக்கிறது. நாங்கள் என்ன செய்வோம்?' என்கிறார்கள். இது பொருந்தாத சமாதானம். இன்ன வகை விளம்பரம் வேண்டாமென்று விலக்கும் வசதி ஆட்சென்ஸிலேயே உண்டு; காசு குறையுமென்று அதை உபயோகிப்பதில்லை. அற்புத மருந்து விளம்பரங்களைக் கண்டிக்கும் சட்டம் 1954-ல் இயற்றப்பட்டு நம் நாட்டில் அமுலில் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது. தன் வீட்டுத் திண்ணையை வாடகைக்கு விட்டவன், அங்கே சூதாட்டம் நடந்தால் தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

பத்திரிகைகளாகிய நாமும் விளம்பரத்தால் ஜீவிப்பவர்களே என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே இவ்வுபதேசம் நமக்கும் சேர்ந்ததுதான். காந்தியடிகள் 1912-ல் தென்னாப்பிரிக்காவில் தமது 'இந்தியன் ஒப்பீனிய'னில் விளம்பரங்களை நிறுத்திவிட்டார்; பின்னர் 'யங் இந்தியா'வையும் 'நவஜீவ'னையும் விளம்பரமின்றியே நடத்தினார். அந்த உன்னதமான நியமத்தை எல்லோரும் அனுஷ்டிக்க இயலாது. ஆனால் அதன் உட்கருத்து எல்லோருக்கும் உரியது. பத்திரிகையின் எஜமானர் வாசகரே. விளம்பரம் அந்த வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரர். வாடகைதாரர் எஜமானராகிவிட்டால், எழுத்து வீட்டை விட்டு வெளியேறிவிடும்.

சர்க்கார் செய்தது என்ன? அந்நியக் கம்பெனிகளுக்கு இணைய விளம்பரத்துக்காகக் கொடுக்கும் தொகையின் மீது நூற்றுக்கு 6 வீதம் ஒரு சமன்படுத்தும் வரி 2016 ஜூன் 1 முதல் விதிக்கப்பட்டது. இந்த மண்ணில் சம்பாதிப்போர் இங்கே கொஞ்சமாவது வரி கொடுக்கட்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நியாயமே, முறை பூரணமானதன்று. வரியைப் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு, விளம்பரம் கொடுக்கும் இந்தியர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் எடுபட்டுவிட்டது. வரி இருந்த ஒன்பது வருஷத்தில் அதிலிருந்து ஒரு காசாவது சிறு பிரசுரகர்த்தர்களின் கணக்கைச் சீர்ப்படுத்தும் காரியத்துக்குச் செலவாயிற்றா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தினசரிகளின் சங்கம் ஒன்று செய்த முறையீட்டின் மேல், 2022 ஜனவரியில் இந்தியப் போட்டிக் கமிஷன் கூகுளின் நடவடிக்கைகளைக் குறித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. அத்தகைய விசாரணை பெரிய பத்திரிகைகளின் லாபத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஏலத்தின் விவரமும், ஒவ்வொரு ரூபாயிலும் தரகர் எடுத்த பங்கும், பணத்தைப் பிடித்தம் செய்த காரணமும் மிகச் சிறிய தளத்தின் சொந்தக்காரனுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். கணக்கு மூடப்பட்டால் கம்பெனிக்கு வெளியே ஒரு நடுவரிடம் அப்பீல் செய்துகொள்ள உரிமை வேண்டும். இவ்விரண்டும் நமது குறைந்தபட்சக் கோரிக்கை. அபராதத் தொகை எத்தனை கோடியானாலும் அது கஜானாவுக்குப் போகும். கணக்கைப் பார்க்கும் உரிமைதான் உழைப்பாளிக்குப் பயன்படும்.

ஆனால் சர்க்காரை எதிர்பார்த்துக் கைகட்டிக்கொண்டிருப்பது சுதேசி தர்மமன்று. நாமே செய்யக்கூடியது அதிகம். ஊரைப் பற்றி எழுதுகிறவன் ஊர் வியாபாரியிடம் தானே போய்ப் பேச வேண்டும். தன் தளத்தை மாதம் எத்தனை பேர், எந்த ஊர்களிலிருந்து படிக்கிறார்கள் என்ற கணக்கைப் பொய்யின்றி ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, மாத வாடகை இவ்வளவு என்று ஒரு கிரயத்தை நிர்ணயித்து, பாத்திரக் கடைக்காரரையும், விதை வியாபாரியையும், புஸ்தகக் கடைக்காரரையும் சந்திக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் மூன்று கடைகள் சம்மதித்தால் 3,000 ரூபாய். பதினாயிரம் பார்வையுள்ள அதே தளத்துக்கு, நாம் மேலே வைத்துக்கொண்ட கணக்கின்படி, தரகன் கொடுப்பது மாதம் 5 டாலர், அதாவது சில நூறு ரூபாய். கூச்சம் ஒன்றே இதற்குத் தடை. எழுதத் தெரிந்தவன் விற்கப் போவது கௌரவக் குறைவு என்ற பொய்யான எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். வாசன் விளம்பரம் சேகரிக்கும் தொழிலில் பழகிய பிறகே 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கி அதைத் தமிழர் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதை நம் வாலிபர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தபடியாக, வாசகரிடமே நேரில் சந்தா கேட்கத் தயங்கக் கூடாது. கடிதம் மூலமாகவோ மின்னஞ்சல் மூலமாகவோ தன் வாசகரின் விலாசத்தைச் சேர்த்து வைத்திருப்பவனை எந்தத் தேடுதல் யந்திரமும் அழித்துவிட முடியாது. ஆயிரம் பேர் வருஷத்துக்கு 100 ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம். ஒரு நல்ல எழுத்தாளனை ஆதரிக்க ஆயிரம் தமிழர் கிடைக்கமாட்டார்களா? கிடைக்காவிட்டால், குற்றம் கலிபோர்னியாவில் இல்லை.

மூன்றாவது, கூட்டுறவு. தனித்தனியாகச் சிறியவர்களாயிருப்போர் ஒன்றுசேர்ந்தால், ஐம்பது தளங்களுக்குச் சேர்த்து ஒரே விளம்பர ஏஜெண்டை நியமிக்கலாம். ஒரே கிரயப் பட்டியலை வெளியிடலாம். வருஷத்துக்கொரு முறை நம்பகமான கணக்குப் பரிசோதகரைக் கொண்டு வாசகர் தொகையை அத்தாட்சி செய்விக்கலாம். தனியொரு தளத்தைக் கவனியாத பெரிய கடைக்காரரும் அந்த ஐம்பதையும் சேர்த்துக் கவனிப்பார். கழிவு நூற்றுக்கு 15 என்று வைத்துக்கொண்டாலும், அது நம்முடைய சங்கத்தின் பெட்டியிலேயே இருக்கும். ஆபாசத்துக்கும் சூதுக்கும் இடமில்லையென்ற நியமத்தைச் சங்கமே ஏற்படுத்தினால், நாணயமுள்ள வியாபாரிகள் தாமாகத் தேடி வருவார்கள். 1904-ல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஏற்படுத்திய தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமல்ல.

1906-ல் தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டுச் சிறியவர்களிடமும் கையேந்தி முதல் திரட்டினார். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. அந்த மலிவு யாருடைய நன்மைக்காக என்பதை அன்று உணர்ந்தவர் சிலர்; உணராமல் மலிவைத் தேடி அந்நியன் கப்பலில் ஏறியவர் பலர். சுதேசிக் கப்பல் நிலைக்கவில்லை. அந்நஷ்டம் ஒரு கம்பெனியின் நஷ்டமாக மட்டும் முடியவில்லை. இன்று தரகன் கொடுக்கும் சௌகரியமும் அத்தகைய மலிவே. சில வரிகளைப் பதித்துவிட்டுச் சும்மா இருக்கலாம்; பணம் தானாக வரும் என்பது இனிக்கத்தான் செய்யும். ஆனால் தராசைப் பிடிக்கும் சிரமத்தைத் தரகனிடம் விட்டவன், எடையைக் குறித்துப் பின்னால் புலம்பிப் பயனில்லை.

நமது வாலிபர்கள் வலைத்தளங்களை மூட வேண்டாம். விளம்பரத்தையும் விலக்க வேண்டாம். வருமானத்தில் பாதியாவது தாமே நேரில் பேசி முடித்த வியாபாரியிடமிருந்தும், தம் பெயரறிந்த வாசகரிடமிருந்தும் வரும்படி இவ்வருஷமே ஏற்பாடு செய்யட்டும். மறுபாதியைத் தரகன் கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும். அவன் ஒரு நாள் கணக்கை மூடினாலும் எழுத்து நிற்காது என்ற நிலைமையை அடைந்தவனே சுதந்திரப் பத்திரிகாசிரியன். நமது வியாபாரிகளும், அந்நியத் தரகனுக்குக் கொடுக்கும் நூறில் பத்தையாவது தம் ஊர் எழுத்தாளனிடம் நேரில் கொடுத்துப் பார்க்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், சபை வேண்டாம். தெருவில் இறங்கி நாலு கடை ஏறினால் போதும்.